வெள்ளியும் ஞாயிறும்

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் பதினோரு விநாடி.
மூன்று புள்ளி முன்னால் இருக்கிறோம்.
ஈரி ஏரியிலிருந்து கிளம்பிய பனி
டோட்டரோ மதுக்கடையின் கண்ணாடியில்
வந்து வந்து அப்பிக்கொண்டிருக்கிறது.

பந்தை நெஞ்சோடு அணைத்துப் பின்வாங்குகிறான்
அவர்களுடைய குவார்ட்டர்பேக்.
எங்கள் ரட்லெட்ஜ், இருநூற்று எண்பது பவுண்டு,
இருவரைப் பிளந்துகொண்டு பாய்கிறான்.
மோதல்.
கடை முழுக்க நாற்காலிகள் பின்னால் சரிகின்றன.
ரூடி என் தோளில் அறைந்து அறைந்து
தன் கையைத்தான் நோகடித்துக்கொண்டான்.

அப்புறம்தான் பார்த்தோம்,
புல்லின் மேல் ஒரு மஞ்சள் துணி.

பதினைந்து கஜம் தண்டம்.
அவர்களுக்கு மறுபடி முதல் முயற்சி.
குற்றம்: முழு எடையோடு மேலே விழுந்தது.

பின்னே எடையை எங்கே இறக்கிவைத்துவிட்டு விழுவான்,
உடை மாற்றும் அறையிலா
என்று கத்தியது நான்தான்.
வெட்டுப்பட்ட மரத்திடம் போய்
பார்த்து விழு, பைய விழு என்பார்களா
என்றதும் நான்தான்.
டெல்ஃபின் கடித்த கோழி எலும்பைத் தட்டில் எறிந்தாள்.
'முட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பட்டும் அவனை.
தொட்டால் குற்றம், தும்மினால் குற்றம்.
டிக்கெட் மட்டும் நூற்றி எண்பது டாலர்.'
'என் அப்பா' என்றான் ரூடி,
'உடைந்த பல்லை எச்சிலோடு துப்பிவிட்டு
அடுத்த ஆட்டத்துக்குக் குனிந்து நின்றவர்.'
எந்த ஊர், எந்த ஆண்டு
என்று இப்போது அவரிடம் கேட்க முடியாது.
யாரும் கேட்கவும் இல்லை.

பன்னிரண்டு விநாடி மிச்சமிருக்க
அவர்கள் டச்டவுன் அடித்தார்கள்.
அவ்வளவுதான். இந்த வருஷமும் போயிற்று.

தொலைக்காட்சி விடவில்லை.
அந்த மோதலை மெதுவாக ஓட்டுகிறது,
முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, மேலேயிருந்து.
'வெர்ன், நீதான் நடுவராச்சே' என்கிறான் ரூடி.
'நீயே சொல். அது குற்றமா?'

நடுவர்தான்.
வெள்ளிக்கிழமை இரவுகளில், பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு.
கோடு போட்ட சட்டை, ஆட்டத்துக்கு எண்பத்தைந்து டாலர்,
பெட்ரோல் நம் செலவு.

போன வெள்ளி, ஐம்பத்து நான்காம் எண் பையன்
தலையைத் தாழ்த்திக்கொண்டு போய் இடித்தான்.
படியில் பூசணிக்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.
நான் யோசிக்கவில்லை. கைதான் யோசித்தது.
துணி காற்றில் போய்க்கொண்டிருந்தபோதே
மேடையிலிருந்து ஒரு தகப்பன் கத்தினார்:
பாவாடை கட்டி விடுங்கடா எல்லாவனுக்கும்!
குரலைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன்,
நான்தானோ என்று.

அடிபட்டவன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.
மீசை இன்னும் முடிவெடுக்காத முகம்.
பேர் கேட்டேன். சொன்னான்: ஓரின்.
எத்தனை விரல்? சொன்னான், சரியாக.
இன்று என்ன கிழமை, தம்பி?
வானத்தை, விளக்குக் கம்பங்களை,
தன் கையுறையைப் பார்த்தான்.
'ஞாயிறு' என்றான்.
என்னைத் திருப்திப்படுத்தும் பதில்தானே
என்பதுபோலச் சிரிக்கவும் செய்தான்.

ரூடி காத்திருக்கிறான்.
ஆறாவது தடவையாக விழுகிறார்கள் அந்த இருவரும்.
தரை தொட்ட ஹெல்மெட் ஒருமுறை எம்பி
மறுபடி தரை தொடுவதை
இப்போதுதான் கவனிக்கிறேன்.
கோட்டுப் பைக்குள் என் கை
பழக்கத்தில் எதையோ கசக்குகிறது.
துவைக்கப் போட மறந்த துணி.
எறிந்தால் பறந்துவிடாமலிருக்க
முனையில் மணல் வைத்துத் தைத்தது.

'அநியாயம்' என்றேன்.
'அதைச் சொல்லு!' என்று மேசையைத் தட்டினான் ரூடி.
யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.
இன்னொரு சுற்று பீர் வந்தது.